தேவகிக்குத் திட்டம் இருந்தது

1

ராட்டர்டாமுக்கு வந்து இந்த மாதத்தோடு பன்னிரண்டு ஆண்டுகள் முடிகின்றன. வந்து இறங்கிய நாளை எங்கள் வீட்டில் ஒரு சின்னப் பண்டிகைபோல வைத்துக்கொண்டிருக்கிறோம். பெரிதாக ஒன்றுமில்லை. என் மனைவி எஸ்தர் சந்தையில் கானாங்கெளுத்தி வாங்கி, புளி கரைத்துக் குழம்பு வைப்பாள். ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டுச் சாப்பிடுவோம். மறுநாள் படிக்கட்டில் பார்க்கும்போது மேல்வீட்டுப் பெரியவர், “நேற்று உங்கள் வீட்டில் ஏதோ விசேஷம் போலிருக்கிறதே” என்பார். மீன் வாசனையை இதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது.

இந்த ஆண்டு அதே வாரத்தில் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கும் வேலையும் வந்தது. அலுவலகத்தில் விரல்ரேகை எடுக்கும் கருவி என் கட்டைவிரலை மூன்று முறை மறுத்துவிட்டது. எட்டு ஆண்டுகள் கிரேன் கைப்பிடியைப் பிடித்த விரல். அதற்கு முன்பு மணலியில் ஒரு பட்டறையில் இரும்பு ராவிய விரல். ரேகை தேய்ந்துதான் இருக்கும். கவுன்ட்டரில் இருந்த பெண் எழுந்து வந்து, ஈரத்துணியால் என் விரலைத் துடைத்து, தானே பிடித்துக் கண்ணாடியில் வைத்து அழுத்தினார்.

“என்ன வேலை செய்தீர்கள், இப்படித் தேய்ந்திருக்கிறதே?”

“கிரேன் ஓட்டினேன். சென்னைத் துறைமுகத்துப் பக்கம்.”

“இப்போது?”

“கிரேன் ஓட்டப் பழகுகிறவர்கள் மனதில் என்ன நினைக்கிறார்கள் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.”

அவர் சிரித்தார். என் டச்சு தடுமாறிவிட்டது என்று நினைத்து, வாக்கியத்தைத் திருத்திக் கொடுத்தார்: “கம்ப்யூட்டரில் கிரேன் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறீர்கள், அப்படித்தானே?” நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் அன்றைக்கு நான் பேசிய டச்சில் ஒரு பிழையும் இல்லை.

என் மொழிப் பிழைகளுக்குத் தனி வரலாறு உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எங்கள் முதலாளி என்னைக் காட்டி மற்றவர்களிடம் “ஸ்லிம்” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். இவர்கள் என் ஒல்லி உடம்பைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, மதியம் இரண்டு ரொட்டிக்குப் பதில் நான்கு தின்ன ஆரம்பித்தேன். டச்சில் அந்தச் சொல்லுக்குப் புத்திசாலி என்று அர்த்தம் என்பது மொழி வகுப்பில் தெரியவந்தபோது என் பெல்ட்டில் இரண்டு ஓட்டை தள்ளிப் போயிருந்தது.

2

அந்தக் கவுன்ட்டர் பெண்ணுக்கு விளங்க வைக்க முடியாததை உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் நிறுவனம் சிறியது. துறைமுகக் கிரேன் ஓட்டுநர்களுக்கான சிமுலேட்டர் செய்கிறோம். நிஜக் கிரேன் கூண்டில் இருப்பதுபோலவே ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடிகள், எதிரேயும் காலடியிலும் திரைகள். அறுபது அடி உயரத்திலிருந்து பார்த்தால் துறைமுகம் எப்படித் தெரியுமோ அப்படியே திரையில் தெரியும். லாரி வரும், மழை வரும், காற்றில் கன்டெய்னர் பெட்டி ஆடும். தவறிப் பெட்டியைக் கீழே போட்டாலும் யாருக்கும் அடிபடாது.

பக்கத்தில் மனித ஆசிரியர் கிடையாது. ஒரு கம்ப்யூட்டர் நிரல்தான் ஆசிரியர். பழகுகிறவர் வாயைத் திறந்து எதையும் சொல்வதில்லை. கைப்பிடியை அசைக்கிறார், நிறுத்துகிறார், மறுபடி அசைக்கிறார். இந்த அசைவுகளை மட்டும் வைத்துக்கொண்டு, ‘இவர் என்ன செய்ய நினைக்கிறார்?’ என்று நிரல் ஊகிக்க வேண்டும். ஊகித்தால்தான் சரியான இடத்தில் உதவ முடியும்.

இது கேட்பதைவிடக் கடினம். திருவொற்றியூர் தேரடியில் பஸ்ஸைவிட்டு இறங்கிச் சன்னதித் தெருவுக்குள் நடக்கிற ஒருவரைப் பாருங்கள். அவர் கோயிலுக்குப் போகலாம். பூக்கடைக்குப் போகலாம். யாரையாவது பார்க்கப் போகலாம். முதல் இருபது அடி நடையில் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவசரப்பட்டு, “ஐயா, கோயில் நடை சாத்தியாகிவிட்டது, திரும்பிப் போங்கள்” என்று சொன்னால், பூ வாங்க வந்தவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

நிரலை எழுதுகிறவர் மரைக்கெ. என்னைவிடப் பத்து வயது இளைய டச்சுப் பெண். கிரேன் ஏறியதே இல்லை. கிரேனைப் பற்றி அவருக்குச் சொல்வது என் வேலை. லாரியிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்க எத்தனை வழிகள் உண்டு, ஒவ்வொரு வழியிலும் எது முதல், எது அடுத்தது, எங்கே நிறுத்துவார்கள், ஏன் நிறுத்துவார்கள் என்று பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். ஏறக்குறைய அறுபது திட்டங்கள். நிரல் அந்த அறுபதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். எதனோடும் சேராவிட்டால், பழகுகிறவர் தடுமாறுகிறார் என்று முடிவு செய்யும்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு பள்ளம் இருப்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. எட்டு ஆண்டு கூண்டில் உட்கார்ந்தவன் எழுதிய பட்டியல் அல்லவா, அதில் எது விட்டுப்போயிருக்கப் போகிறது என்று இருந்தேன்.

3

போன ஆண்டு எண்ணூர்ப் பக்கத்தில் ஒரு பயிற்சி மையம் எங்கள் சிமுலேட்டரை வாங்கியது. மூன்று வாரம் போய் நிறுவிக்கொடுத்து வா என்று என்னை அனுப்பினார்கள். சொந்த ஊருக்குக் கம்பெனி விசாவில் போவதுபோல ஒரு கூச்சமும் பெருமையும் எனக்கு.

திருவொற்றியூரில் அக்கா வீட்டில் தங்கினேன். காலையில் மையத்து கார் வந்து அழைத்துப் போகும். விரைவுச் சாலையில் டிரைலர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, ரயில் பெட்டிகளைப் போல நின்றிருக்கும். ஒரு பக்கம் கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகள், மறுபக்கம் லாரிகள். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி.யில் உட்கார்ந்து மின்னஞ்சல் பார்த்துக்கொண்டு போவேன். அதை இப்போது எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

மையத்தில் எனக்கு ‘ஃபாரின் சார்’ என்று பெயர். மேலாளர் ராகவன் நல்ல மனிதர், ஒழுங்கானவர். பக்கத்துச் சரக்கு முனையத்தில் ஏற்கெனவே ஒப்பந்தத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த பதினான்கு பேருக்கு முதல் தேர்வு. தேறியவர்கள் சான்றிதழோடு கூண்டிலேயே தொடரலாம். தேறாதவர்கள் அடுத்த மாதம் முதல் கீழே இறங்கி, பெட்டி எண் சரிபார்க்கும் வேலைக்குப் போக வேண்டும். அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து.

தேர்வுக்கு முன்பு நான் ஒரு சின்னப் பேச்சும் பேசினேன். “மெஷினுக்கு வேண்டியவர், வேண்டாதவர்னு கிடையாது. யார் மேலயும் கோபம் கிடையாது. நீங்க செய்யறதை மட்டும்தான் பார்க்கும்” என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

மூன்றாம் நாள் முடிவுகள் அச்சாகி வந்தன. பதினோரு பேர் தேறியிருந்தார்கள், மூன்று பேர் தேறவில்லை. பதினான்கு தாள்களிலும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டேன். ஒன்றைக்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை.

4

டீ நேரத்தில் ஒரு பெண் வந்து நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். மஞ்சள் பாதுகாப்புச் சட்டை, கையில் மடித்த தாள்.

“சார், ஒரு நிமிசம் டைம் கீதா?”

“சொல்லுங்கம்மா.”

“எம் பேரு தேவகி. நாலு வருசமா யார்டு கிரேன் ஓட்டறேன்.” தாளை விரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். சிவப்பு மையில் இருந்தது அந்த வரி. “இதுல ‘திட்டமற்ற செயல்பாடு’ன்னு போட்டுகீது. அப்டின்னா இன்னா சார்?”

நான் நிபுணர் குரலில் ஆரம்பித்தேன். “அதாவதும்மா, நீங்க செஞ்சது எந்த முறைக்கும் பொருந்தலை. பெட்டியைக் கொஞ்சம் தூக்கறீங்க, திரும்ப லாரி மேலயே வெச்சுடறீங்க, சும்மா நிக்கறீங்க, மறுபடி தூக்கறீங்க. அடுத்தது என்னன்னு தெரியாம தடுமாறும்போது அப்படி வரும்.”

“நான் தடுமாறுனேன்னு எய்திகீது.”

“ஆமா.”

“எத்தினி தபா?”

தாளைப் பார்த்தேன். “பத்துப் பயிற்சி. பத்துலயும்.”

“தடுமாறுறவ ஒருதபா இப்டி பண்ணுவா, ஒருதபா அப்டி பண்ணுவா. பத்து தபாவும் ஒரே மாரி தடுமாறுவாளா சார்?”

கையில் இருந்த டீயை நான் கீழே வைத்தேன். பல ஆண்டுகளாக மரைக்கெயும் நானும் வெள்ளைப் பலகையில் படம் போட்டுப் பேசிய விஷயம் இது. ஒரே செயல் திரும்பத் திரும்ப ஒரே ஒழுங்கில் வந்தால் அதற்குப் பின்னால் ஒரு எண்ணம் இருக்கிறது. இந்தப் பெண் அதை ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார்.

“காதுல வேற அது கத்திகினே கீது. ‘பெட்டியை உயர்த்தவும், பெட்டியை உயர்த்தவும்’னு. நான் உசத்த மாட்டேன்னா சொன்னேன்? பாத்துட்டு உசத்தறேன்.”

“என்னத்தைப் பார்த்துட்டு?”

“வண்டிக்குக் கீய எவனாச்சும் தூங்கிகினு கீறானான்னு.”

அவர் நின்றபடியே சொன்னார். “மத்தியானம் யார்டுல நெயலு எங்க கீது சார்? வண்டிக்கு அடிலதான் கீது. க்யூல நின்னு நின்னு டிரைவருங்க துண்டை விரிச்சு அங்கயே படுத்துருவாங்க. அவனவன் வண்டிக்குக் கீய படுத்தா பரவால்ல. அடுத்தவன் வண்டிக்குக் கீய படுத்துகினா அந்த வண்டிக்காரனுக்கே தெரியாது. நான் பொட்டிய தூக்கிட்டேன்னா அவன் வண்டிய எடுத்துகினு கெளம்பிடுவான். அதான் மொதல்ல ஒரு சாண் தூக்குவேன். வண்டி ஆடும், ஸ்பிரிங் கத்தும். திரும்ப வெச்சுட்டு பத்து எண்ணுவேன். ரெண்டு பக்கமும் பாப்பேன். எவனும் வெளிய வரலன்னா தூக்குவேன்.”

“சிமுலேட்டர்ல கீழ யாரும் இல்லையேம்மா.”

“அது உங்களுக்குத் தெரியும். என் கைக்குத் தெரியுமா?”

அவர் தாளை மடித்துக்கொண்டார். “சாரு எந்த ஊரு? ஹாலந்துக்காரரு நல்லா தமிழு பேசறாருன்றாங்க.”

“திருவொத்தியூரு. தேரடி.”

ஒரு கணம் என்னை நேராகப் பார்த்தார். “அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

5

அறையைச் சாத்திக்கொண்டு அவருடைய பத்துப் பயிற்சிகளின் பதிவையும் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு சாண் தூக்கல், இறக்கல், காத்திருத்தல், தூக்கல். பத்திலும் காத்திருந்த நேரம் ஏறக்குறைய ஒன்றே. காத்திருக்கும்போது கேமராக் கோணத்தை முதலில் இடப்பக்கமும் பிறகு வலப்பக்கமும் திருப்பியிருந்தார். நிரல் இதைப் பார்த்து முதலில் ‘பெட்டியைத் திரும்ப வைக்கிறார், தவறான லாரி என்று நினைத்துவிட்டார்’ என்று ஊகித்திருக்கிறது. பிறகு மறுபடி தூக்கியதும், இந்த ஆளுக்கு ஒரு திட்டமும் இல்லை என்று எழுதிவிட்டது.

ஐந்தாவது பதிவு ஓடும்போது என் இரண்டு கைகளும் மேசைமேல் தாமாகவே அசைந்தன. இடக்கை நிற்க, வலக்கை மெல்லப் பின்னே இழுத்து, முன்னே தள்ளி, நின்றது. எனக்கு அது தெரியும். எட்டு ஆண்டுகள் நானும் அதைத்தான் செய்திருக்கிறேன்.

ராட்டர்டாமுக்கு வந்த புதிதில் இங்கே துறைமுகக் கிரேனில் எனக்கும் ஒரு தேர்வு நடந்தது. அன்று என்னை மதிப்பிட்டவர் வில்லெம் என்ற பயிற்சியாளர். அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். நான் பெட்டியை ஒரு சாண் தூக்கி மறுபடி வைத்ததும் அவர் எந்திரத்தை நிறுத்தச் சொன்னார். நம் கதை முடிந்தது, அடுத்த விமானத்தில் அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே சொல்தான்: “ஏன்?”

பதில் சொல்ல என்னிடம் டச்சு இல்லை. அவருடைய தாளை வாங்கி ஒரு லாரி வரைந்தேன். அதற்குக் கீழே படுத்திருக்கும் ஒரு மனிதனை வரைந்தேன். வில்லெம் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கீழே கூட்டிப்போய், லாரி ஓட்டுநர்கள் போய் நிற்க வேண்டிய கண்ணாடிக் கூண்டைக் காட்டினார். ஓட்டுநர் அதற்குள் நின்று பொத்தானை அழுத்தினால்தான் கிரேன் பெட்டியைத் தொடும். “இங்கே கீழே ஆள் இருக்க முடியாது. இனி உன் கை ஓய்வெடுத்துக்கொள்ளலாம்” என்றார். எனக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறையவில்லை.

அந்தப் பழக்கத்தை விட எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. விட்டபோது முழுதாக விட்டுவிட்டது. அறுபது திட்டங்கள் எழுதியபோது அது அறுபத்தொன்றாவதாகக்கூட நினைவுக்கு வரவில்லை. என் கையைப் பார்த்து அந்த மனிதர் ‘ஏன்’ என்று கேட்டதால்தான் நான் இந்த நாட்டில் இருக்கிறேன். நான் செய்து அனுப்பிய எந்திரம் அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே சிவப்பு மையில் எழுதியிருக்கிறது.

6

ராகவனிடம் போனேன்.

“கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சே சார்” என்றார்.

“போட்டது நான்தான். தப்பும் என்னுது. அந்தம்மா தடுமாறலை. அவங்க திட்டத்தை நான் பட்டியல்ல எழுதாம விட்டுட்டேன்.”

“மெஷினுக்கு வேண்டியவர் வேண்டாதவர் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. இப்ப ஒருத்தருக்கு மாத்தினா, நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. அதோட, லாரிக்குக் கீழ தூங்கறதே விதிமீறல் சார். போர்டு வெச்சிருக்கோம்.”

“விதி தூங்காதேன்னு சொல்லுது. வெயில் அங்கதான் போய்ப் படுன்னு சொல்லுது. நாளைக்கு மத்தியானம் என்கூட யார்டுக்கு வரீங்களா?”

வர மறுப்பார் என்று நினைத்தேன். தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு வந்தார். நல்ல மனிதர் என்று முதலிலேயே சொன்னேனே.

மறுநாள் உச்சிவெயில். கான்கிரீட் தரையின் சூடு பூட்ஸுக்குள் ஏறியது. பெட்டி அடுக்குகளுக்கு நடுவே கடல்காற்றுகூடச் சூடாகத்தான் வந்தது. தேவகியின் கிரேன் மூன்றாவது வரிசையில் நின்றது. நாங்கள் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றோம். நாங்கள் வந்தது அவருக்குத் தெரியாது.

முதல் லாரி. ஒரு சாண் தூக்கல், இறக்கல், காத்திருத்தல். யாரும் வரவில்லை. பெட்டி மேலே போனது. இரண்டாவது லாரியும் அப்படியே. ராகவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒவ்வொரு லாரிக்கும் இத்தனை நொடி வீணாகிறதே என்று அவர் மனம் கணக்குப் போட்டிருக்கும்.

மூன்றாவது லாரி வந்து நின்றது, பின்னால் இரண்டு லாரிகள் ஒட்டி நின்றன. கிரேன் முன்லாரியை முடித்துவிட்டு நகர்ந்து வரும்வரை அது அங்கேயே நின்றது. அப்புறம் தேவகி பெட்டியைக் கவ்வினார். ஒரு சாண் எழுந்தது. லாரியின் ஸ்பிரிங் பட்டைகள் கிறீச்சென்று கத்தின. பெட்டி திரும்ப இறங்கியது. நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஆறு வரும்போது பின்சக்கரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு கால் நீண்டது. பிறகு துண்டு. பிறகு ஐம்பது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒருவர் முழங்கையை ஊன்றி வெளியே வந்தார். மேலே பார்க்காமலேயே கையை மட்டும் தூக்கி ஆட்டிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவருடைய லாரி பின்னால் இரண்டாவதாக நின்றது. இந்த லாரியின் ஓட்டுநரோ என்ஜினை அணைக்காமல், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தன் வண்டிக்குக் கீழே ஒருவர் படுத்திருந்ததும் எழுந்து போனதும் அவருக்குத் தெரியவே இல்லை.

ராகவன் மஞ்சள் கோட்டின் ஓரம்வரை போனார். அந்த மனிதரை அழைத்தார்.

“தினமும் இப்படித்தான் படுப்பீங்களா?”

அவர் தண்டனை வரப்போகிறது என்று பயந்ததாகத் தெரியவில்லை. “வேற எங்க சார் படுக்கறது? மாதவரத்துலேர்ந்து விடிகாலைல கெளம்புனது. கண்ணு சொக்குது.” பிறகு கிரேனைக் காட்டினார். “எல்லா ஷிஃப்ட்டுலயும் படுக்க மாட்டேன் சார். அந்தம்மா மேல கீதுன்னா மட்டும்தான். அது தட்டி எய்ப்பிட்டுத்தான் தூக்கும்.”

ராகவன் திரும்பி அலுவலகத்தை நோக்கி நடந்தார். கதவருகே வந்ததும், “அந்த ரிப்போர்ட்டைக் கொண்டாங்க சார்” என்றார்.

7

அன்று மதியம் மரைக்கெயை அழைத்து நடந்ததைச் சொன்னேன். குறை முழுவதும் என் பட்டியலில்தான் என்றேன்.

“பாதிதான் உன்னுடையது” என்றார் மரைக்கெ. “நீ ஒன்றை மறந்தாய். பட்டியலில் இல்லாத எதுவும் உலகத்தில் இல்லை என்று நிரலுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.” பிறகு, “அந்த மனிதர் நலமாக இருக்கிறாரா?” என்று கேட்டார். போய் டீ குடித்துக்கொண்டிருக்கிறார் என்றேன்.

இருவருமாகச் சேர்ந்து இரண்டு முடிவுகளுக்கு வந்தோம். ஒன்று, தேவகியின் திட்டத்தைப் பட்டியலில் சேர்ப்பது. அது எளிது, ஒரு நாள் வேலை. மற்றது பெரிய வேலை. ஒருவர் செய்வது எதனோடும் பொருந்தாமல் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வந்தாலும், ஒன்றுக்கு மேற்பட்ட திட்டங்களோடு பொருந்தினாலும், நிரல் தீர்ப்பு எழுதக் கூடாது. நிறுத்திக் கேட்க வேண்டும். பதில் பட்டியலில் இல்லாவிட்டால், அந்தப் பதிவை ஒரு மனிதருக்கு அனுப்ப வேண்டும்.

மையத்துக்கும் எங்கள் நிறுவனத்துக்கும் எழுத்தில் விளக்கம் கொடுத்தேன்: குறை ஓட்டுநரிடம் இல்லை, பட்டியலைத் தயாரித்த என்னிடம். எங்கள் முதலாளி அதைப் படித்துவிட்டு அழைத்தார். அவர் திட்டவில்லை. “மற்ற துறைமுகங்களில் இப்படி எத்தனை பேரைக் கூண்டிலிருந்து இறக்கியிருப்போம்?” என்று மட்டும் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பழைய பதிவுகளை எடுத்துப் பார்க்கும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

தேறாத மற்ற இருவரின் பதிவுகளையும் நானும் ராகவனும் உட்கார்ந்து பார்த்தோம். ஒருவர் நிஜமாகவே காற்றில் தடுமாறியிருந்தார். அவரிடமே காட்டினோம், ஒப்புக்கொண்டார். இன்னொருவர் தேவகியைப் போலவே செய்திருந்தார். அவர் கேட்க வரவில்லை, அவ்வளவுதான்.

ராகவன் அவருக்கும் தேவகிக்கும் சான்றிதழ் கொடுத்தார். லாரி ஓட்டுநர்களுக்கு நிழற்கூரை வேண்டும் என்றும் மேலே எழுதினார். இதை எழுதும்வரை அது வரவில்லை.

கடைசி நாளில் தேவகி ஒரு டிபன் பாக்ஸோடு வந்தார். சுறாப்புட்டு. “எங்க குப்பத்துல அம்மா செஞ்சுதுண்ணா. கூட எடுத்துகினு போங்க” என்றார். சார் என்பது அண்ணாவாகியிருந்தது. நான் நன்றி சொன்னேன். அவர் சுறாப்புட்டுக்காகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்.

8

நிரல் கேட்கப்போகும் புதுக் கேள்வியைத் தமிழாக்க ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் அனுப்பிய வாக்கியம்: ‘தங்கள் நோக்கம் யாது?’

அதை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் படித்தேன். எஸ்தரின் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேரடிக்கு மளிகைக் கடை வைக்க வந்தது. சிரிப்பு வந்தால் அவளுக்கு அந்தப் பேச்சும் வந்துவிடும். “ஏங்க, அரண்மனைக் காவக்காரன் கேக்குற மாதிரில்லா இருக்கு” என்றாள்.

என் மகள் நிலாவுக்குப் பதினைந்து வயது. “யாதுன்னா என்ன?” என்று கேட்டாள்.

“என்னங்கறதுக்குப் பழைய வார்த்தை.”

“அப்ப ஏன் என்னன்னு கேட்கலை?”

மேசையிலேயே அந்த வாக்கியத்தை அடித்தேன். ‘இப்ப என்ன செய்யப் போறீங்க?’ என்று எழுதி அனுப்பினேன்.

நிலா சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை விட்டு ஆறு மாதம் ஆகிறது. துடுப்புப் படகு ஓட்டப் போகிறாள். தமிழ் பேச வெட்கப்படுகிறாள், எங்களிடமிருந்து விலகுகிறாள் என்று நானே முடிவு செய்து இரண்டு மாதம் முகம் கொடுக்காமல் இருந்தேன். எஸ்தர்தான், “வாயத் தொறந்து கேட்டீங்களா அவட்ட?” என்றாள். கேட்டேன். “அப்பா, எனக்குத் தண்ணி பிடிக்கும். அவ்ளோதான்” என்றாள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்த நான் ஒருநாளும் துடுப்புப் பிடித்ததில்லை. இப்போது சனிக்கிழமைகளில் கரையில் நின்று அவளுடைய தெர்மாஸையும் உலர்ந்த சட்டையையும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். தமிழ் போய்விடுமோ என்ற கவலை போகவில்லை. ஆனாலும் அந்த ஆற்றங்கரையில் நிற்கும்போது, எனக்கு வாய்த்தவற்றை நினைத்து மனம் நிறைந்துதான் இருக்கிறது.

போன வாரம் வேலைக்குப் போகும் டிராமில் தேவகியிடமிருந்து குரல்பதிவு ஒன்று வந்தது. பின்னணியில் லாரி ஹாரன்கள். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அண்ணா, நான் தேவகி பேசறேன். புச்சா மாத்துன மிஷின்ல இன்னிக்கு ஒக்கார வெச்சாங்கோ. எப்பயும் போல ஒரு சாண் தூக்கி எறக்குனேன். ஒடனே காதுல ‘இப்ப என்ன செய்யப் போறீங்க?’ன்னு கேட்டுச்சு. எனக்குப் பக்குனு ஆய்டுச்சு. ஸ்கிரீன்ல நாலு பதிலு. மூணாவதுல, ‘கீழே யாராவது இருக்காங்களான்னு பார்க்கிறேன்’னு போட்டிருந்துச்சு. அத்த அமுக்குனேன். ‘சரி, பாருங்க’ன்னுச்சுண்ணா. அவ்ளோதான், அப்பால வாயே தொறக்கல. நான் பத்து எண்ணி முடிக்கற வரைக்கும் கம்முனு காத்துகினு இருந்துச்சு.”